கக்கத்து ஈரம்

கண்ணாடி அலுமாரியின் மேலே, சாமிப் படத்துக்குப் பின்னால், சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. கொட்டிக் கழுவி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். மகனுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டால் எட்டிவிடுமோ என்று ஸ்டூலைக் கொண்டுபோய் வெளியில் வைத்துவிட்டேன். "வெறும் போத்தலுக்குப் பயந்து ஸ்டூல மழையில நனைய விட்ட ஆளு நீதான்" என்கிறார் இவர். தூக்கி எறியச் சொல்கிறார். மனம் வரவில்லை. அதன் லேபிளில் சின்ன எழுத்தில் அட்ரோபின் என்று இருக்கிறது. அதை எப்போது வாசித்தாலும் எனக்கு உன் குரல்தான் கேட்கிறது. சொந்தக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்வது போலத்தான் நீ அதைச் சொல்வாய். "புள்ள, அட்ரோபின் வந்துட்டாரா? இன்னைக்கு ராவைக்குப் போதுமா அவரு?"

நீ என் மகனைப் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாய். போன கிழமை அவனுக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் முழுதாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். அவன் தூங்கிவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் அந்த வேலைக்குச் சேர்ந்தோம். நீ பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கம்பஸ் போய் வந்தவள். இருவருக்கும் உயிரியல் பட்டம் இருந்தது, வேலை இருக்கவில்லை. பூச்சி மருந்து விஷம் ஏறி வருகிறவர்களை வைத்துப் பார்க்கும் வார்டில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, உதவியாளர்கள் வேண்டும் என்றார்கள். முதல் நாள் வட்டக் கண்ணாடி போட்ட பெரிய டொக்டர் நம்மை உட்கார வைத்து, மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டிச் சொன்னார். மரக்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்துகளில் ஒரு வகை இருக்கிறது. அதுவும், சண்டையில் மனிதரைக் கொல்லவென்றே செய்த நரம்பு வாயுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மூர்க்கமான அண்ணன், மற்றது சாதுவாகத் தெரியும் தம்பி. உடம்புக்குள் போனால் இருவரும் செய்வது ஒரே வேலைதான். கண்ணீர், எச்சில், வியர்வை, நெஞ்சுச் சளி என்று எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து விடுவார்கள். மனிதர் தரையில் படுத்தபடியே தன் நெஞ்சு நீரில் மூழ்கிப் போவார்.

பெரிய நாடுகளில் சண்டைக்குப் போகும் ஆமிக்காரரின் பைக்குள் இதற்கு இரண்டு மாற்று மருந்துகளை வைத்து அனுப்புவார்களாம். ஒன்று அட்ரோபின். அது திறந்த குழாய்களை மூடும். மற்றது, விஷம் கவ்விப் பிடித்த இடத்திலிருந்து அதைப் பிரித்து எடுக்கப் பார்க்கும். அந்த இரண்டாவது மருந்து ஆய்வுகூடத்து முயலுக்கு உதவுவது தெரியும். தோட்டத்தில் மருந்து அடித்து விழுந்தவருக்கு உதவுமா, எவ்வளவு கொடுத்தால் உதவும் என்பது சரியாகத் தெரியாது. வீட்டாரிடம் சம்மதம் கேட்டு, அதைத்தான் பார்க்கிறோம் என்றார்.

நீ பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினாய். "அப்ப சேர், ஆமிக்காரனுக்குச் செஞ்ச மருந்த லீக்ஸ் தோட்டத்து ஆளுக்குக் குடுத்துப் பாக்கிறமா?"

"இல்ல மகள். லீக்ஸ் தோட்டத்து ஆளுக்கு என்ன வேணும்னு பாக்கிறோம். அது ஆமிக்காரனுக்கும் உதவினா உதவட்டும்."

உனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வீட்டில் போய்ச் சண்டை, வாயு, ஆமி என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறாய். உன் உம்மா அதை அடுத்த வீட்டில் சொல்ல, ஒரு மாதத்துக்குள் கடைவீதி முழுக்க நீ ஆமிக்கு மருந்து காய்ச்சுகிற பிள்ளை ஆகிவிட்டாய். சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தன் மகனை ஆமியில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டு உன் வாப்பாவிடம் ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். நீ அந்த பிஸ்கட்டை வார்டுக்குக் கொண்டு வந்தாய். தேத்தண்ணியில் முக்கித் தின்றுகொண்டே, "உண்மையில நான் என்ன வேல செய்றன்னு தெரிஞ்சா இந்த மனுசன் பிஸ்கட்ட திருப்பிக் கேப்பாரு" என்றாய்.

உண்மையில் நாம் செய்த வேலை, கக்கம் பார்ப்பது.

வேறு எதையும் பார்க்காமல் இல்லை. டோர்ச் அடித்துக் கண்ணின் மணி பார்ப்போம். விஷம் ஏறியவருக்கு அது ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். நாடி பார்ப்போம். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். ஆனால் அட்ரோபின் போதுமான அளவு ஏறிவிட்டதா என்பதைக் கக்கம்தான் நேர்மையாகச் சொல்லும். அங்கே ஈரம் இருந்தால் இன்னும் மருந்து வேண்டும். காய்ந்துவிட்டால் குழாய்கள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். கையுறை போட்டுப் பார்த்தால் ஈரமா காய்ந்ததா என்று விளங்காது. நீ ஒரு கையின் உறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை வைப்பாய். முக்காடு போட்ட பெண் பிள்ளை, முன்பின் தெரியாத ஆண்களின் கக்கத்தில் கை வைக்கக் கூச்சமாக இருக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "முதல் நாள் கூசிச்சு. ரெண்டாவது நாள் ஒரு ஆளுக்குக் காஞ்சிருந்திச்சு பாரு, அந்தச் சந்தோசத்தில கூச்சம் போயிட்டுது" என்றாய். அப்புறம், "கைய மட்டும் கழுவிரு புள்ள. ஒவ்வொரு தரமும். மறந்திராத" என்றாய். மறந்தால் பின்னாலேயே சவர்க்காரத்தோடு வருவாய்.

இன்னொன்றும் உன்னிடம் இருந்தது. மருந்து அடித்து விழுந்தவர்களும் வந்தார்கள், அதையே குடித்துவிட்டு வந்தவர்களும் வந்தார்கள். புதிதாக வந்த அட்டென்டன் ஒருவன், கண் திறந்த பெண்ணிடம் ஏன் குடித்தாய் என்று கேட்டபோது அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னாய். "அத அவ ஊட்டுக்காரங்க கேப்பாங்க, பொலிஸ் கேப்பாங்க. நம்மளாவது தண்ணி வேணுமான்னு கேப்பமே."

நம் கதைகளில் நான் அடிக்கடி நினைப்பது அந்தக் கொழுந்து பறித்த அக்காவைத்தான். அவர் என் அம்மாவைப் போலத் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி. வேலை முடிந்த பிறகு கூலிக்குப் போஞ்சித் தோட்டத்தில் மருந்து அடிக்கப் போயிருக்கிறார். முதுகில் மாட்டும் டாங்கி ஒழுகியிருக்கிறது. சட்டை நனைந்ததை வியர்வை என்று நினைத்து அடித்து முடித்திருக்கிறார். கொண்டு வந்தபோது நெஞ்சு கொதிக்கும் உலை மாதிரிச் சத்தம் போட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அட்ரோபின் ஏறியது. மறுநாள் காலை நான் போனபோது அவருடைய கட்டிலைச் சுற்றிச் சின்னக் கூட்டம். அக்கா உட்கார்ந்த வாக்கில், இரண்டு கையாலும் போர்வையிலிருந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக, இல்லாத கூடைக்குள் எறியும். அவ்வளவு அழகான கை.

தங்கச்சிக்காரி கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுது சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்க அக்காவுக்கு நெனப்பு திரும்பிருச்சு. மலைக்குப் போயிட்டா பாருங்க."

பக்கத்துக் கட்டிலின் கிழவர், "பறி ஆயி, பறி. இன்னைக்குக் கிலோ கூட வரும்" என்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பிழைத்துவிட்டார், கை தன் வேலையை ஞாபகம் வைத்திருக்கிறது என்று நெஞ்சு நிறைந்து நின்றேன். தோட்டத்தில் பிறந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தால் வேறு எப்படி நினைப்போம்? நீ உள்ளே வந்தாய். பஸ் ஜன்னலிலிருந்து தவிர நீ கொழுந்து பறிப்பதைப் பார்த்ததில்லை. உனக்கு அந்தக் கை எதையும் ஞாபகப்படுத்தவில்லை. நேரே போய்ப் புறங்கையைக் கக்கத்தில் வைத்தாய்.

"காஞ்சு கருவாடா ஈக்கி. ஒடம்பு கொதிக்குது. புள்ள, டொக்டரக் கூப்பிடு. மருந்து கூடிட்டுது."

அட்ரோபின் அளவு தாண்டினால் உடம்பு உலர்ந்து, முகம் சிவந்து, கண்ணுக்கு இல்லாதவை தெரியும், கை காற்றில் எதையாவது பிடுங்கும் என்று இருவரும் படித்துத்தான் இருந்தோம். கிழக்கே ஒரு மீனவருக்கு வந்திருந்தால் வலை இழுத்திருப்பாராக இருக்கும். நம் மலையில் அது கொழுந்தாக வந்தது. அதனால் நாங்கள் யாரும் அதை நோயாகப் பார்க்கவில்லை. டொக்டர் வந்து மருந்தைக் குறைத்தார்.

அது அடங்கும் வரை நீ கட்டிலருகில் நின்றாய். அக்கா உன்னை நிமிர்ந்து பார்த்து அதட்டினார். "இந்தாம்மா, நெரைய மறிச்சிக்கிட்டு நிக்காத. தள்ளு."

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொருவரும் பறித்துக்கொண்டு போகும் வரிசைதான் நெரை. உனக்கு அந்த வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும், "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, இல்லாத தேயிலைச் செடியில் சேலை மாட்டிவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி விலகி நின்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அக்கா நீ விட்ட இடத்தில் திருப்தியாகப் பறித்தார்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, நான் ஏதும் அசிங்கமாப் பேசினேனுங்களா?"

"ஒன்னும் பேசல்ல. நல்லாக் கொழுந்து பறிச்சீங்க."

"நெறுத்தீங்களா?"

"நெறுக்கல்லயே."

"அப்ப அரைப்பேரு கூடப் போட்டிருக்க மாட்டாங்க" என்றார் அக்கா, சீரியஸாக. தோட்டத்தில் நாள் கூலியைப் பேர் என்றுதான் சொல்வோம் என்று உனக்கு நான் பிறகு விளக்கினேன். அதற்குப் பிறகு நம் வேலையில் எது வீணாய்ப் போனாலும் உனக்கு அரைப்பேர்தான்.

அந்தத் தீபாவளிக்கு நீ எங்கள் லயத்துக்கு வந்தாய். கொழுந்து பறிப்பதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தாய். அம்மா தன் கூடையின் கயிற்றை உன் முக்காட்டுக்கு மேலே மாட்டிவிட்டார். நீ கண்ணில் பட்டதையெல்லாம் முற்றல், பிஞ்சு பார்க்காமல் பிடுங்கிப் போட்டாய். அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை ஆயி, நீ படிச்சுப்புட்ட. இத எடுத்துக்கிட்டுப் போனா கணக்கப்பிள்ள எந்தலையில கொட்டிருவாரு" என்றார். திரும்பும்போது ஓடைக்கரையில் வெள்ளைக் குழல்களாகத் தலைகீழே தொங்கும் பூக்களைக் கண்டு நின்றாய். ஊமத்தை இனம். அட்ரோபினும் அது போன்ற சரக்கும் அந்தச் செடிக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. நீ பூவைத் தொடாமல் கும்பிடுவது போலக் குனிந்து, "இவருதான் அட்ரோபினுட மச்சான். ஸலாம் சொல்லு புள்ள" என்றாய். அந்த ஓடையைத் தாண்டித்தான் இன்றும் பள்ளிக்கூடம் போகிறேன். அந்தப் பூவுக்கு ஸலாம் சொல்லாமல் போனதில்லை. பிள்ளைகள் டீச்சர் யாருக்குச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள்.

ஆராய்ச்சி முடிந்தபோது தெளிவான விடை வரவில்லை. இரண்டாவது மருந்து சிலருக்கு உதவியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆமிப் பைக்குள் அவ்வளவு நம்பிக்கையோடு வைக்கிற மருந்து நம் ஆட்களிடம் வந்து இப்படி வழவழ கொழகொழவென்று நிற்கிறதே என்று நீ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "தெரியாதுன்னு தெரிஞ்சிக்கிட்டது அரைப்பேராவது வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தாய். எனக்கு விஞ்ஞான டீச்சர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. நீ பெரிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, இவரிடம், "இவளுக்குப் பயம் கூட. பயந்தா வெருட்டாதீங்க, கேளுங்க. முக்காவாசி அவ பயப்படுறது சரியாத்தான் ஈக்கும்" என்றாய். இவர் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

நீ போன செய்தி வந்தபோது எனக்கு மாசம் நிறைந்திருந்தது. தலைக்குள் இரத்தக்குழாய் ஒன்று வெடித்ததாம். காலையில் வார்டில் நின்றவள் மதியம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மரண வீட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா கதவில் நின்றார். நான் கத்தினேன், கெஞ்சினேன். அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்றார்கள். பஸ் பிடித்துப் போயிருந்தாலும் கிடைத்திருக்காது. இவர்தான் போய் வந்தார். செருப்பெல்லாம் சிவப்பு மண். வாசலிலேயே நின்று சொன்னார். "தோட்டத்து ஆளுங்க கொஞ்சப் பேரு வந்திருந்தாங்க. பூமாலை வாங்கிட்டு வந்துட்டாங்க. அவங்க வழக்கத்துல மாலை போட மாட்டாங்கன்னு அங்க வந்துதான் தெரிஞ்சிருக்கு. யாரும் ஒன்னும் சொல்லல. ஆனா எங்க வைக்கிறதுன்னு தெரியாம அடக்கம் முடியிற மட்டும் மாலைய மடிச்சுக் கையிலயே வச்சிக்கிட்டு நின்னாங்க." அந்த மாலையைப் பிடித்திருந்தவர் யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்த அக்காவின் வீட்டு ஆட்களாக இருக்கும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

இனிப் போன ஞாயிறு.

மகனுக்கு ஒரு கண் உள்பக்கம் லேசாகத் திரும்புகிறது. பண்டாரவளையில் கண் டொக்டரிடம் காட்டினோம். கண்ணாடி எண் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளை என்பதால் அதற்கு முன் சில நாள் வீட்டில் சொட்டு மருந்து விட்டுக் கூட்டி வாருங்கள் என்றார். போத்தலை வாங்கி லேபிளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்மசி வாசலிலேயே, "அட்ரோபின் வந்துட்டாரு" என்றேன். இவருக்கு விளங்கவில்லை. ஒரு சொட்டுத்தான், விட்டதும் மூக்கோரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று டொக்டர் எனக்குக் காட்டியிருந்தார். நான் அப்படியே செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு காலை எனக்கு மேலதிக வகுப்பு. வேலை செய்யும் தபால் கந்தோருக்கு விடுமுறை என்பதால் இவர் வீட்டில். மருந்து விடும் வேலையை ஏற்றுக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா கதவில் சாய்ந்து நின்றார். "டீச்சர், ஓடி வாங்க, ஒங்க மகனப் பாருங்க. அம்மாயி கை அப்படியே வந்திருக்கு. கொழுந்து பறிக்கிறான்."

கட்டில் நடுவில் மகன் உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் ரோஜா மாதிரிச் சிவந்து இருந்தன. இரண்டு கையாலும் போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலாக எறிந்துகொண்டிருந்தான். இவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். என் அம்மாவின் கை, அவர் பேரனிடம் என்று ஒரு நொடி நெஞ்சு நிறைந்தது. அது நிறைந்த விதம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. அப்படியே சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணைப் பார்த்துப் பிரயோசனமில்லை. சொட்டு விட்ட கண்ணில் மணி எப்படியும் விரிந்துதான் இருக்கும். சட்டையைத் தூக்கிப் புறங்கையைக் கக்கத்தில் வைத்தேன். காய்ந்திருந்தது. அடுப்புக் கல் மாதிரிக் காய்ந்து சுட்டது.

"காய்ச்சல் போல இருக்கு. பனடோல் குடுப்போமா?" என்றார் இவர்.

"மருந்து எத்தன சொட்டு விட்டீங்க?"

"நீ சொன்ன மாதிரித்தான். ஆனா அழுது அழுது எல்லாம் கன்னத்துல வழிஞ்சிருச்சு. அதான் மறுபடி விட்டேன். அப்புறம் கையால தேச்சுட்டான். கண்ணுக்குள்ள போகலையேன்னு திரும்பவும்..." அவர் நிறுத்தினார். "வழிஞ்சத நக்கிட்டும் இருந்தான்."

யாரும் செய்யக்கூடியது. பிள்ளைக்கு மருந்து குறைந்துவிடுமோ என்ற பாசத்தில் செய்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போத்தலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். "ஓட்டோவக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா, "வெளையாடுற புள்ளையவா?" என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நீ கல்யாணத்தன்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேறு ஒரு வார்த்தை கேட்காமல் தெருவுக்கு ஓடினார்.

ஸ்பிரிங்வெளியிலிருந்து இறங்கும் வளைவுகள் உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் அவன் என் மடியில் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி பறித்தான். ஓட்டோவின் சீட்டிலிருந்து பறித்தான். டிரைவரின் காலரிலிருந்து பறித்தான். தோளுக்கு மேல் எறிந்ததெல்லாம் என் முகத்தில் வந்து விழுவது போல இருந்தது. தண்ணீர் கொடுத்தால் விழுங்கத் தெரியாமல் துப்பினான். நாக்கு ஒட்டியிருந்தது. திடீரென்று என்னைப் பார்த்து, என்னைத் தெரியாதவன் போல, "தள்ளு" என்றான்.

அப்போதே உடைந்திருப்பேன். ஆனால் நீ சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நின்றது கண் முன்னால் வந்தது. "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அந்த இடுக்கில் முடிந்த அளவு ஒதுங்கி உட்கார்ந்தேன். நான் விட்ட இடத்தில் அவன் பறித்தான். இவர் அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பறிக்கட்டும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளம் டொக்டர். முடிச்சை அவிழ்த்துப் போத்தலை அவர் கையில் வைத்தேன். எவ்வளவு உள்ளே போயிருக்கும், எப்போது, என்ன பார்த்தேன் என்று சொன்னேன். மூச்சு வாங்காமல் சொல்லியிருக்கிறேன். "நீங்க நேர்ஸா?" என்று கேட்டார். "இல்ல, டீச்சர். முந்தி கக்கம் பாக்கிற வேல செஞ்சேன்" என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தி, தானும் தன் கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டினார்.

சேலைன் போட்டார்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தார்கள். நாடித்துடிப்பு கட்டிலருகே ஒரு பெட்டியில் ஓடியது. சிறுநீர் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இதற்கு மாற்று மருந்து இல்லையா என்று கேட்டேன். "ஒன்னு இருக்கு. ஆனா மகனுக்குத் தேவைப்படாது. தானா எறங்கிரும், பாத்துக்கிட்டு இருப்போம்" என்றார். அது எது என்று எனக்குத் தெரியும். ஒரு தேத்தண்ணி நேரத்தில் நீ புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டியிருக்கிறாய். அட்ரோபினுக்கு மாற்று, அந்தப் பூச்சி மருந்துகளின் தூரத்துச் சொந்தம். உடம்புக்குள் அதுவும் அதே கதவைத்தான் போய்த் தட்டும். நீ புத்தகத்தை மூடிவிட்டு, "அப்ப விசத்துக்கு மருந்து, மருந்துக்கு விசம். ரெண்டும் ஒரே கடைச் சாமான்தான். அளந்து குடுக்கிற கைதான் வேற" என்றாய். அன்று அது எனக்குப் பகிடியாக இருந்தது. குளுகுளு வார்டில் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்படி இருக்கவில்லை. உலகத்தில் எத்தனை ஆய்வுகூடங்களில் எத்தனை பேர் ஒருவரை ஒருவர் கொல்வதற்காக இதையெல்லாம் அளந்தார்களோ. அதே அளவைத்தான் நீ ஒரு போஞ்சித் தோட்டத்துக்காரியின் கக்கத்தில் வைத்துச் சரி பார்த்தாய்.

பொழுது சாய்வதற்குள் அவன் பறிப்பது குறைந்தது. பிறகு தூங்கினான். நான் தூங்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் கை வைத்தேன். காய்ந்தே இருந்தது. வார்டில் நாம் அந்த உலர்வுக்காக எத்தனை பேரிடம் காத்திருந்தோம். இங்கே அதே இடத்தில் நான் வியர்வைக்காகக் காத்திருந்தேன். இவர் கதிரையில் குனிந்து உட்கார்ந்து, போனில் எடுத்த படத்தை அழித்துவிட்டு, மறுபடி மறுபடி அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சிரிச்சுட்டு அப்படியே நிப்பாட்டினியே, எப்படி?" என்று கேட்டார். உன்னைப் பற்றி முழுதாக அவரிடம் சொன்னது அன்றுதான்.

காலை வெயில் ஜன்னலால் வந்து கட்டிலில் விழுந்தது. பதுளை வெயில், எழுந்த உடனேயே சுடும். மகன் திரும்பிப் படுத்தான். "அம்மா, தண்ணி" என்றான். குடித்தான், விழுங்கினான். சட்டையைத் தூக்கிப் புறங்கையை வைத்தேன். ஈரம். கொஞ்சம்தான். பிள்ளை வியர்வை, புளித்த பால் வாசனையோடு.

"என்ன?" என்றார் இவர்.

"நனைஞ்சிருக்கு."

அவரும் எழுந்து வந்து தன் கையை வைத்தார். எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் வைத்தார். பிறகு தெரிந்துகொண்டார். கையை எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் மகன் தூங்கிய பிறகு ஒரு தடவை பார்க்கிறேன். "இன்னும் ஆராய்ச்சி முடியலையா டீச்சர்?" என்று இவர் இருட்டில் கேட்பார். கண்ணாடி எண்ணை டொக்டரிடம் கேட்டு வேறு விதமாகப் பார்த்துக்கொண்டோம். வட்டக் கண்ணாடி போட்டிருக்கிறான். நீ பார்த்தால் பெரிய டொக்டர் என்று கூப்பிடுவாய்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரமும் கையைக் கழுவச் சொல்வாய். அந்தக் காலையில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே குழாய் இருந்தது, சவர்க்காரமும் இருந்தது. எழுந்து போனேன். குழாயடியில் நின்று, அவன் ஈரம் இன்னும் காயாத புறங்கையைப் பார்த்தேன். கழுவாமல் வந்துவிட்டேன்.